பெயர் மாறினால் பிறவிக் குறை மாறுமா?



"பழைய கேமரா வாங்கினவனுக்கு வாரண்டி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் எதிரணி நண்பர். என்னிடம் படித்த பையன் ஒருத்தன், கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவன். இரண்டு வருட வாரண்டி உள்ள கேமரா. ஒரு வருடம் வைத்திருந்தவரிடம் வாங்கினான். மூன்றாம் மாதம் ஷட்டர் நின்றுபோச்சு. மறுவாரம் முகூர்த்தம். சர்வீஸ் சென்டருக்கு ஓடினான். "பில்லுல உங்க பேர் இல்லையே தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "அய்யா, கேமராவுக்குக் காய்ச்சல் வந்தா என் பேர் என்னய்யா பண்ணும்?" என்றான். இத்தனை வருஷம் பாடம் நடத்தின எனக்குப் பதில் தெரியலீங்க.

அவன் புது வாரண்டி கேட்கவில்லை. மிச்சமிருந்த மாதங்களைத்தான் கேட்டான். கம்பெனிக்கு நஷ்டமாம்! 24 மாதத்துக்கும் சேர்த்துத்தானே அன்றைக்கே விலை வாங்கினார்கள்? பழைய சொந்தக்காரரே வைத்திருந்தால் பார்த்துக் கொடுத்திருப்பார்கள் அல்லவா?

"முன்னால வச்சிருந்தவர் கீழே போட்டிருந்தா?" என்றார் நண்பர். கீழே போட்டால் முதலில் வாங்கினவருக்கே வாரண்டி கிடையாதே! இன்னொன்று, பல கேமராக்கள் ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்று தானே கணக்கு வைக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வயசை மறைப்பார், கேமரா மறைக்காது. (சிரிப்பு)

நிக்கான் டி600 கேமராவில் படமெல்லாம் தூசிப் புள்ளி விழுந்தது. 2014இல் அந்தக் கம்பெனியே, வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. ஏன்? குறை பிறவிக் குறை. அது பொருளோடு பிறந்தது, பில்லோடு பிறந்ததல்ல.

அமெரிக்காவில் 1975இல் வந்த சட்டப்படி, 'முழு வாரண்டி' என்று சொல்லி விற்றால், அந்தக் காலத்துக்குள் பொருள் யார் கைக்குப் போனாலும் செய்து கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டம், வண்டி கைமாறினால் இன்ஷூரன்சும் கூடவே கைமாறியதாகக் கொள்கிறது. வண்டிக்கு ஒரு நியாயம், கேமராவுக்கு ஒரு நியாயமா? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, மதுரையில் பழைய நகை விற்கப் போனான் ஒருத்தன். பில் இல்லை. பாண்டியன், சிலம்பு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கண்ணகி வந்து உடைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தப்பை நீங்கள் செய்ய மாட்டீர்கள். கையைப் பார்க்காதீங்க, பொருளைத் திறந்து பாருங்க. தீர்ப்பு அங்கே இருக்கிறது. (பலத்த கைதட்டல்)