பேச்சில் ஏது மேல், கீழ்?

(விருதுநகர் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ அல்ல. நம் வாயிலிருந்து வரும் பேச்சைப் பற்றியே ஆகும். "இதுவும் ஒரு சங்கதியா?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு மனிதனுக்குத் தன் பேச்சே ஈனமானது என்கிற எண்ணத்தை உண்டாக்கி விட்டால், பிறகு அவனை அடிமையாக வைத்திருக்கக் கயிறும் வேண்டாம், தடியும் வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம். நான் சொல்லுகிறேன் என்பதற்காக இதை ஒப்புக் கொள்ளாதீர்கள். கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

சிவகாசிப் பக்கத்தில் ஒரு கூட்டத்தில், பட்டாசு வேலை செய்கிற ஓர் அம்மாளை மேடையில் இரண்டு வார்த்தை சொல்லும்படி கேட்டேன். "எனக்கு நல்லாப் பேச வராதுய்யா, நாங்க பேசுறதெல்லாம் கொச்ச" என்று ஒதுங்கிக் கொண்டார். கூட்டம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அரைமணி நேரம் பேசினார். மருந்துக் கலவையை ஏன் வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், மணி மருந்தில் ஈரம் பட்டால் என்ன ஆகும், எதை இழுக்கக் கூடாது, எதைத் தூக்கித்தான் வைக்க வேண்டும் என்றெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்தார். உயிரைக் காக்கிற அறிவு அவ்வளவும் அந்தக் "கொச்சை"ப் பேச்சில்தான் இருந்தது. இதைப் பேச்சு அல்ல என்று அந்த அம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

தோழர்களே! ஒரு பாஷையைத் தேவபாஷை என்றும், மற்றதை நீசபாஷை என்றும் பிரித்து வைத்த புரோகிதக் கூட்டந்தான் முதலில் இதைச் சொல்லிக் கொடுத்தது. அந்தச் சூழ்ச்சி நமக்குப் புரிந்து விட்டது. 1928-ல் இந்த ஜில்லாவில் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததே, அதன் அர்த்தம் என்ன? மணமக்களுக்கும் புரியாமல், கேட்பவர்களுக்கும் புரியாமல் ஒருவர் முணுமுணுப்பது எங்களுக்கு வேண்டாம், எங்கள் காரியம் எங்களுக்குப் புரிகிற பேச்சில் நடக்கட்டும் என்பதுதானே!

ஆனால் நாம் மாத்திரம் யோக்கியர்களா? நம்மை நீசபாஷைக்காரர் என்றபோது நமக்கு ரோஷம் வந்தது. அதே நாம், வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்ததும் பிள்ளை எழுதிய "கம்மாய்" என்ற சொல்லை அடித்துவிட்டு "ஏரி" என்று எழுதுகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவாரத்துப் பளியர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறோம். ராஜபாளையத்திலும் அருப்புக்கோட்டையிலும் வீட்டுக்குள்ளே தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளை வேடிக்கை பார்க்கிறோம். மேலே இருப்பவன் மிதித்தான் என்று அழுதுகொண்டே கீழே இருப்பவனை மிதிப்பதற்குப் பெயர் ஜாதிப் புத்தி. அது பாஷையில் நுழைந்தாலும் ஜாதிப் புத்திதான்.

சர்க்கார் கணக்கைப் பாருங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்நாட்டு மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகள் என்றார்கள். பிறகு 10,000 பேருக்குக் குறைவாகப் பேசுகிற மொழிகளைத் தனித்துக் காட்டுவதில்லை என்ற முறைப்படி, 121 மொழிகளைக் காட்டி மிச்சத்தை "இதர" என்று ஒரே மூட்டையாகக் கட்டி விட்டார்கள். பளியர் பேச்சுக்கு அந்தப் பட்டியலில் தனிப் பெயர் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். பக்கத்து மதுரையிலும் பரமக்குடியிலும் நெசவாளர்கள் வீடுகளில் பேசப்படும் சௌராஷ்டிர மொழிக்கு அதே கணக்கில் 2,47,702 பேர். சமஸ்கிருதம் தாய்மொழி என்றவர்கள் நாடு முழுவதிலும் 24,821 பேர். பத்தில் ஒரு பங்கு! ஆனால் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் சமஸ்கிருதம் இருக்கிறது, சௌராஷ்டிரம் இல்லை. எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பா, "தேவ" என்ற பட்டத்தைக் கொண்டு மதிப்பா என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

இந்த நிலையில், சர்க்காரையும் பண்டிதர்களையும் எதிர்பார்க்காமல் வேலை செய்தவர் ஒருவர் நம் கரிசல் சீமையிலேயே இருந்தார். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமத்தில் 1923-ல் பிறந்த கி. ராஜநாராயணன் அவர்களைத்தான் சொல்லுகிறேன். அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சம்சாரி. வீட்டிலே தெலுங்கு பேசுகிற குடும்பம். அப்படிப்பட்டவர், சம்சாரிகளும் ஆடு மாடு மேய்ப்பவர்களும் பேசுகிற சொற்களை நண்பர்கள் துணையோடு சேர்த்து, 1982-ல் "கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி" என்று புத்தகமாகக் கொண்டு வந்தார். பட்டம் வாங்காத அவரைப் பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து வைத்துக் கொண்டது. 2021-ல் அவர் மறைந்தபோது சர்க்கார் மரியாதை செய்தது. அவர் வழிகாட்டிய பிறகு கொங்கு, நாஞ்சில் முதலிய வட்டாரங்களுக்கும் சொல்லகராதிகள் வந்தன. கிராமத்தார் சொல்லும் பச்சையான கதைகளைக்கூட அவர் வெட்கப்பட்டு மறைக்காமல் திரட்டி அச்சிட்டார் என்பதையும் கவனியுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுவது பகுத்தறிவு. நமக்குப் பிடித்ததை மாத்திரம் எழுதுவது புராணம்.

இதில் பிரயோஜனம் என்ன என்று கேட்கலாம். கரம்பை என்றால் எந்த மண், அதை எப்போது அள்ளிப் புஞ்சையில் போட வேண்டும், பருத்தி மார் எதற்கெல்லாம் உதவும் என்பதெல்லாம் அந்தச் சொற்களோடு சேர்ந்தே இருக்கிற அறிவு. சொல் போனால் அறிவும் போகும். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர்களும், பெட்டி ஒட்டியவர்களும், கருந்திரி உருட்டியவர்களும் உண்டாக்கிய சொற்கள் எத்தனை! நாடு முழுவதற்கும் காலண்டரும் டைரியும் அச்சடித்துக் கொடுக்கும் சிவகாசியில், அந்த மக்களின் சொற்களுக்கு ஒரு சிறு புத்தகம் போடக் காகிதம் கிடைக்காதா? 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஒரே நாளில் 38 பேர் மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெடிபொருள் விதிகளை 2008-ல் சர்க்கார் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கெசட்டில் போட்டது. அதைத் தமிழில் மொழிபெயர்த்தாலும், "உராய்வு" என்று எழுதினால் படிப்பவருக்குப் பாடப் புத்தக ஞாபகம் வரும். "உரசினால் தீப்பிடிக்கும்" என்றால்தான் கை நிற்கும். வேலை செய்பவர் பேச்சில் எழுத வேண்டுமானால், முதலில் அந்தப் பேச்சு இன்னதென்று நமக்குத் தெரிய வேண்டாமா?

"இப்படித் தனித்தனிப் பேச்சைக் காப்பாற்றினால் ஜாதிப் பிரிவினை வளராதா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் எந்தப் பாஷைக்கும் கோயில் கட்டச் சொல்லவில்லை. எங்கள் பேச்சுதான் ஆதி, எங்கள் குலந்தான் உசத்தி என்று பெருமை பேசவும் சொல்லவில்லை. தமிழும் படியுங்கள், ஆங்கிலமும் படியுங்கள், உலகத்தோடு நடவுங்கள். அதற்காக வீட்டுப் பேச்சைக் கொன்றுவிட்டுப் போக வேண்டியதில்லை என்றுதான் சொல்லுகிறேன். ஒருவரை இழிவு செய்யும் சொல் அகப்பட்டால் அதையும் எழுதுங்கள். யார் யாரை அப்படிச் சொன்னார்கள் என்றும் பக்கத்தில் எழுதுங்கள். நாளை வருகிறவர்களுக்கு நாம் செய்த அக்கிரமம் தெரியட்டும்.

எந்த எழுத்தில் எழுதுவது என்றும் சண்டை வேண்டாம். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு. 2008-ல் கம்ப்யூட்டர் எழுத்து வரிசையான யூனிகோடிலும் அதற்கு இடம் கிடைத்தது. ஆனாலும் சொந்த எழுத்தா, நாகரியா, தமிழா என்ற வாதத்திலேயே நெடுங்காலம் போயிற்று. எழுத்து ஒரு கருவி. பெரியார் 1935-ல் "குடி அரசு" பத்திரிகையில் தமிழெழுத்தைத் திருத்திக் காட்டினார். 1978-ல் சர்க்கார் அதில் ஒரு பகுதியை ஏற்றது. மொழி அதனால் செத்து விடவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த எழுத்தில் இன்றைக்கே எழுதுங்கள். திருத்துவதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

செய்ய வேண்டிய காரியம் சிறியதுதான். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பாட்டியிடமும், வேலைத்தலத்துப் பெண்களிடமும் முதலில் கேளுங்கள். சொல்லை எழுதி, சொன்னவர் என்ன தொழில், எந்த ஊர் என்று எழுதி, அவர் பேசிய ஒரு வாக்கியத்தையும் அப்படியே எழுதுங்கள். இருவர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கையிலிருக்கும் போனில் குரலையும் பிடித்து வையுங்கள். ஆனால் அவர்கள் சம்மதம் கேட்டுக் கொண்டு செய்யுங்கள். முக்கியமாக, அவர்களைத் திருத்தாதீர்கள். நாம் அங்கே மாணாக்கர்களேயன்றி வாத்தியார்கள் அல்ல.

ஆகவே தோழர்களே! அந்த அம்மாளைப் போல் "எனக்குப் பேச வராது" என்று சொல்லி ஒதுங்கும் ஒருவராவது இந்த ஜில்லாவில் இருக்கும் வரையில், நம் சுயமரியாதை வேலை முடியவில்லை என்றே அர்த்தம். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது மாலை கொண்டு வராதீர்கள். ஆளுக்கு இருபது சொல் எழுதிக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக் கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.