துறைக்குத் துறை துடுப்பு



கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகில், ஒரு வழிகாட்டியின் பின்னால் எட்டுப் பத்துப் பேர் துடுப்புப் போட்டு, ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிற பயணத்தைப் பற்றி இன்று கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன். தன்யூப் நதியில், பகலில் துடுப்பும் இரவில் கரையோரக் கூடாரமுமாக, 1950களிலிருந்து இப்படிப் போய்வருகிறார்கள். கேரளத்துச் சாலியாற்றிலே நிலம்பூரில் தொடங்கி பேப்பூர் வரை 68 கிலோமீற்றர், மூன்று நாள். நிலம்பூர் தேக்குக்குப் பேர்போன ஊர், பேப்பூர் உரு என்னும் மரக்கப்பல் கட்டுகிற ஊர். முன்னாளில் தேக்குமரம் மிதந்து வந்த அதே ஆற்றில், இன்றைக்கு இந்தப் படகுகள் வழியிலுள்ள பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு இறங்குகின்றன.

எங்கள் மட்டக்களப்பு வாவியிலும் கயாக் ஓடுகிறது. அதற்கு வடக்கே, வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று மேற்கே பார்க்கிற எவருக்கும், அந்தக் கண்டல் காட்டுக்குள்ளே சத்தமில்லாத ஒரு சிறு படகில் போய்ப் பார்க்க ஆசை வரும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பழக்கம் எங்கள் நீருக்கும் ஊருக்கும் பொருந்துமா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

அதற்கு அளவுகோல் எங்கள் ரோட்டிலேயே நடந்து போகிறது. கதிர்காமப் பாதயாத்திரையைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் வெளிக்கிடும் அடியார்கள் வெருகல் சித்திர வேலாயுதரை வணங்கி, கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி என்று இந்தக் கரைவழியே தெற்கே போகிறார்கள். முன்னால் வேல் ஏந்தியவர், அவர் நடைக்கு மற்றவர்கள் நடை. கோயில்தோறும் தங்கல், ஊரார் போடும் சோறு. ஊரை வேடிக்கை பார்த்துவிட்டு ஒருவரும் கடந்து போவதில்லை. கூட்டமாகப் போகிற பயணம் எப்படி இருக்கவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. நீரில் போகிறவர்களையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

முதலில் வழிகாட்டி. இந்தக் கலையில் முக்காற்பங்கு அவருடைய கையில்தான் இருக்கிறது. நல்ல வழிகாட்டி முதல் அரைமணி நேரத்தை முழங்காலளவு தண்ணீரிலேயே செலவழிப்பார். துடுப்பின் இரு முனையிலும் அலகு உண்டு. கையால் மட்டும் இழுத்தால் தோள் விரைவில் சோர்ந்துவிடும். பாதங்களை முட்டுக்கொடுத்து, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி வலிக்கவேண்டும். இருவர் ஏறும் படகென்றால் பலசாலி பின்னால் உட்காருவார், ஏனென்றால் திசை அவர் கையில். வரிசையில் மெதுவாக வருபவரைக் கடைசியில் விடக்கூடாது. வழிகாட்டிக்கு அடுத்த படகாக வைக்கவேண்டும், கூட்டத்தின் வேகம் அவர் வேகம். கடைசிப் படகில் இன்னொரு அனுபவசாலி.

இவையெல்லாம் எந்த நாட்டிலும் படிக்கலாம். படிக்க முடியாதது அடுத்தது. விடியற்காலையில் நீரின் மேலே வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்கள் வரிசையாகத் தலைகாட்டிக்கொண்டு கிடக்கும். புதியவர் அதைக் குப்பை என்று நினைப்பார். அது இரவில் போட்ட வலையின் மிதப்பு. துடுப்பின் அலகு அதில் மாட்டினால் ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு கிழிந்துபோகும். தெரிந்த வழிகாட்டி துடுப்பைக் குறுக்கே உயர்த்துவார், பின்னால் வரும் அத்தனை படகும் நிற்கும். வலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் கைகாட்டும் பக்கத்தால் சுற்றிப் போவார்கள். தில்லைமரத்தின் பால் கண்ணில் படக்கூடாது என்பதும், முதலை எந்தக் கரையில் வெயில் காயும் என்பதும், முகத்துவாரத்தில் நீர் எப்போது இழுக்கும் என்பதும் தோணிக்காரருக்குத்தான் தெரியும். பனிச்சங்கேணி, வாகரைப் பக்கத்தில் கரையோர வேடர் சமூகம் தலைமுறை தலைமுறையாகக் களப்பையும் கடலையும் காட்டையும் நம்பி வாழ்கிறது. 2004 சுனாமியையும் அதற்குப் பின் இந்தப் பகுதியில் 2007 ஜனவரி வரை நீடித்த போரையும் கண்டு, இடம்பெயர்ந்து திரும்பி வந்த மக்கள் வாழும் ஊர்கள் இவை. அந்தப் படகு வரிசையின் முன்னால் இருக்கவேண்டியவர் இங்கே பிறந்தவர்.

அடுத்தது, கரை ஊர்கள். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். இதன் கரைகளில் ஊர்கள் எழுந்தது நீரைப் பார்த்துத்தான். ரோட்டால் போய் இறங்குவது ஒரு வீட்டுக்குக் கொல்லைப்பக்கத்தால் நுழைகிற மாதிரி. பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டடியிலிருந்து துடுப்புப் போட்டு வந்தால், புளியந்தீவில் கோட்டை அதன் உண்மையான முகத்தோடு எதிரே நிற்கும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. அதை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது படகில் இருப்பவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கும். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்ததும் நீர்வழியாகத்தான். அவர் கரையிறங்கியதை நினைவுபடுத்தும் வாயில் இன்றும் வாவியோரத்தில் நிற்கிறது.

1924ஆம் ஆண்டுக் கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் மண்முனை, அம்பிளாந்துறை, குருமண்வெளி, மண்டூர். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையையும் மேற்குக் கரையான படுவான்கரையையும் இணைத்தவை இந்தத் துறைகளில் ஓடிய, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைகள்தான். சைக்கிளும் நெல்மூட்டையும் பள்ளிப்பிள்ளைகளும் ஒன்றாக ஏறிய பாதைகள். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தார்கள், பாதை நின்றது. பாலம் வந்தது நல்ல காரியம், படுவான்கரை மக்கள் அதற்காகக் காத்திருந்த காலம் கொஞ்சமல்ல. ஆனால் துறை என்ற ஒரு இடம் இருந்ததையே வளரும் பிள்ளைகள் அறியாமல் போகிறார்கள். கயாக்காரர் அங்கே இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரையோ மண்டூர்க் கந்தனையோ கும்பிட்டு, பாதை ஓட்டிய ஒருவரோடு அரைமணி நேரம் கதைத்தால் அது பயணம். இறங்காமல் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அது உடற்பயிற்சி மட்டுந்தான்.

வானொலிக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லவேண்டும். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனின் ஓசையை லாங் அடிகளார் பதிவு செய்ய, இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. நிலவுள்ள இரவில் துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது எங்கள் தோணிக்காரரின் பழைய வழக்கம். இயந்திரப் படகின் இரைச்சலில் அது முடியாது. இதற்காகவே நான் கயாக்கின் பக்கம் நிற்கிறேன்.

ஆகவே என் முடிவு இது: இந்தப் பழக்கம் எங்கள் வாவிக்கும் பனிச்சங்கேணிக் களப்புக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் வழிகாட்டி ஊரவராக இருக்கவேண்டும், சோறு கரையிலுள்ள வீடுகளில் ஆக்கவேண்டும், வலைக்கு வழிவிடவேண்டும். இவை இல்லாமல் யாரும் ஒழுங்கு செய்தால், நேயர்களே, அந்தப் பயணத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

போக விரும்புகிறவர்கள் பங்குனி தொடக்கம் ஆவணி வரையுள்ள மாதங்களைத் தெரிவு செய்யுங்கள். மாரியில் வேண்டாம். கச்சான் காற்று எடுக்குமுன்னே கரை சேர, விடிய வெளிக்கிடுங்கள். நீச்சல் தெரிந்திருந்தாலும் உயிர்காப்பு அங்கியைக் கரையேறும் வரை கழற்றாதீர்கள்.