விட்ட படிப்பைத் தொடுவோம்

(பதுளையில் அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் கூடுவோம். இன்று படிப்பைப் பற்றிப் பேசுவோம். பிள்ளைகளின் படிப்பை அல்ல, நம்முடைய படிப்பை.

நம்மில் எத்தனை பேர் சாதாரண தரத்தோடு நின்றோம்? விஞ்ஞானம் பிடிக்காமலா நின்றோம்? உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழில் படிப்பிக்கப் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருந்த ஊருக்குப் போக பஸ் காசு இல்லை. இந்தக் குறை நேற்று வந்ததல்ல. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறை பிந்தித்தான் நமக்குக் கதவு திறந்தது.

ஆனாலும் விஞ்ஞானம் நமக்குப் புதிதல்ல. 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 75 கிலோவுக்குக் குறையாமல் தண்ணீர்தான். வாட்டி, அரைத்து, காய வைத்தால் ஏறத்தாழ 22, 23 கிலோ தூள்தான் மிஞ்சும். அரைத்த கொழுந்து செம்பு நிறமாக மாறுவது, காற்றிலுள்ள ஒட்சிசன் அதோடு சேர்வதால். பாடப் புத்தகம் இதை ஒட்சியேற்றம் என்கிறது. மழை நாளில் தராசடியில் ஈரத்துக்கென்று கிலோ கழிக்கிறார்களே, அந்தக் கணக்குச் சரியா என்று கேட்கவும் இந்த அறிவுதான் வேண்டும்.

பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் உருவானது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கு ஒரு பட்டப்படிப்பு உண்டு. நம் பிள்ளைகள் உயர்தரம் எழுதி அங்கே போக வேண்டும். வயது கடந்த நமக்கும் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். பதுளையிலும் அதன் நிலையம் உண்டு. உயர்தரம் இல்லாவிட்டாலும், முதலில் அதற்கான பாடநெறி ஒன்றில் சித்தியடைந்து, பிறகு விஞ்ஞானப் பட்டத்துக்குப் போகலாம். வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

மற்றது, தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ. என்போமே, அதுதான். ஸ்டோரில் மோட்டார் பழுது பார்க்கும் தம்பிமார் கையில் தொழில் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. அனுபவத்தில் கற்ற திறமையைச் சோதித்துப் பார்த்தே 3ஆம், 4ஆம் மட்டச் சான்றிதழ் கொடுக்கும் முறை உண்டு. அதற்கு மேல் 5, 6 டிப்ளோமா, 7 பட்டம்.

கஷ்டத்தை மறைக்கக் கூடாது. விஞ்ஞானப் பட்டம் ஆங்கிலத்தில். கட்டணமும் உண்டு. செய்முறை வகுப்புக்கு வெளியூர் போனால் அன்றைய பேர் போய்விடும். பெண்களுக்கு, மலையிலிருந்து வந்தால் அடுப்படி காத்திருக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். பரீட்சை நாளுக்கும் செய்முறை வகுப்பு நாளுக்கும் சம்பளத்தோடு லீவு கேட்டு நிர்வாகங்களுடன் பேச வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் பின்னேரத்தில் ஆங்கில வகுப்பும், லைட் வசதியோடு படிக்க ஓர் அறையும் வேண்டும். முதல் வருடக் கட்டணத்துக்குச் சங்கம் கடனாவது கொடுக்க வேண்டும்.

வீட்டாரிடமும் ஒன்று கேட்கிறோம். அம்மா புத்தகத்தோடு உட்கார்ந்தால், அன்றைய ரொட்டியை மற்றவர் சுடுங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தினமும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்கிறோம். படிப்புக்கும் ஒரு தடவை பேர் கொடுப்போம்.