தங்கக் கட்டுப்பாடு தந்த பாடம்

(வணிகர், இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கட்டுப்பாடு கூடக்கூட நாட்டுக்கு நன்மை கூடும் என்று நினைப்பவர்கள் தங்கக் கட்டுப்பாட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1962இல் சீனப் போர். அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய், 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்று விதி கொண்டுவந்தார். 22 காரட்டில் செய்து பழகிய பத்தர்களின் பட்டறைகளில் உலை அணைந்தது. காரட் விதி பின்னர் தளர்ந்தது. ஆனால் 1968இல் தனிச் சட்டமே வந்தது. வீட்டில் தங்கக் கட்டி வைத்திருந்தால் குற்றம். வியாபாரிக்கு உரிமம், பத்தருக்குச் சான்றிதழ், பதிவேடு, சோதனை!

பலன் என்ன? தங்க ஆசை குறைந்ததா? இல்லை. கடை வாசலில் வர வேண்டிய தங்கம் கடற்கரை வழியாக வந்தது. நேர்மையான வியாபாரி கணக்கெழுதிக் களைத்தான், கடத்தல்காரன் கொழுத்தான். கூலிக்குச் சுமந்த ஏழை இளைஞன் சிறைக்குப் போனான்.

1990இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1992இல், வெளிநாடுவாழ் இந்தியர் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவர வழி பிறந்தது. கடத்தல் தளர்ந்தது. 2013இல் இறக்குமதி வரி 10 விழுக்காடானதும் மீண்டும் தலைதூக்கியது.

விதியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஹால்மார்க் முத்திரை வாங்குபவரைக் காக்கிறது, அது வேண்டும். எடைக்கல்லைச் சோதிக்கும் அரசு வேண்டும். கல்லாப்பெட்டியில் உட்காரும் அரசு வேண்டாம்.

புதிய விதி வரும்போது கேளுங்கள்: இது ஏமாற்றைத் தடுக்கிறதா, தொழிலைத் தடுக்கிறதா? முன்னதை மதிப்போம். பின்னதை, குறுக்கு வழி தேடாமல், ஒன்றுகூடிக் குரல் கொடுத்து மாற்றுவோம்.