உத்தியோகமும் சுயதொழிலும்

கடுகண்ணாவையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், ஒரு பிள்ளை கலைப் பிரிவில் உயர்தரப் பரீட்சை சித்தியெய்தியதும் வீட்டில் ஒரு வினா எழுவதுண்டு. மாதச் சம்பளம் தரும் உத்தியோகமா, சட்டத்தரணியாகிச் சுயமாக நடத்தும் தொழிலா? பெற்றோர் பெரும்பாலும் உத்தியோகத்தின் பக்கமே சாய்வர். சம்பளம் நிச்சயமானது, தொழில் நிச்சயமற்றது என்பது அவர்கள் கூறும் நியாயம். ஆனால் சம்பளத்திற்கு அந்த நிச்சயம் எவ்வாறு வந்தது? கடுகண்ணாவை மலையேற்றத்திற்குக் கீழே, கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய ஓர் எழுதுவினைஞரின் வழக்கு இதற்கு விடை கூறும்.

அவர் பெயர் செல்லையா கோடீஸ்வரன். அரசாங்கக் கருமங்கள் ஆங்கிலத்தில் நடைபெற்ற காலத்திலே சேவையிற் சேர்ந்தவர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கிற்று. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாத உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்று 1961இல் திறைசேரிச் சுற்றறிக்கை வந்தது. மறு ஆண்டில் கோடீஸ்வரனின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது.

அவர் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கிக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிபதி டி கிறெற்சர், மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று கூறி, அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்பதை அது தீர்க்கவில்லை. முடியரசின் ஊழியர் தம் சம்பளத்திற்காக முடியரசுக்கு எதிராக வழக்காட இயலாது என்பதே அது கண்ட முடிவு. பெற்றோர் நிச்சயம் என நம்பிய சம்பளம், கொடுப்போர் விரும்பினாற் கொடுக்கும் கொடையாகிவிட்டது அன்றோ!

வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. உழைத்து ஈட்டிய சம்பளம் அரசாங்கம் செலுத்த வேண்டிய கடன், அதனை நீதிமன்றத்திற் கேட்டுப் பெறலாம் என்று 1969 டிசெம்பர் 11ஆம் திகதி தீர்ப்பாயிற்று. மொழிச் சட்டம் பற்றிய வினா உயர் நீதிமன்றத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 1971இல் பிரிவி கவுன்சில் மேன்முறையீடு ஒழிந்தது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அவ்வினாவுக்கு நீதிமன்றம் விடையளிக்கவேயில்லை. தமிழும் அரசகரும மொழியாகும் என்ற திருத்தம் 1987இலேதான் வந்தது.

இனி, சுயதொழிலை நோக்குவோம். அரசாங்கத்தை எதிர்த்து ஓர் எழுதுவினைஞர் பேச வேண்டுமாயின், அரசாங்கச் சம்பளத்தை நம்பியிராத ஒருவர் அவருக்காக எழுந்து நிற்க வேண்டும். சுயேச்சையான சட்டத் தொழிலின் பெருமை இதுவே. அப்புக்காத்து, புரொக்டர் என்ற பழைய பிரிவு நீங்கி, 1974 முதல் யாவரும் சட்டத்தரணிகள் எனப்பட்டனர். ஆயினும் கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரங்களை ஆயத்தம் செய்பவர் ஒருவரும், மன்றில் வாதாடுபவர் மற்றொருவருமாக வேலைப் பிரிவு இன்றும் நிலவுகிறது. புதியவர் ஒருவர் மூத்தவரின் நிழலில் நின்றே தொழில் பழகுகிறார். அவ்வாண்டுகளில் அவர் கையில் வருவது சொற்பம். கண்டி நீதிமன்றத்திற்குச் சென்று திரும்பும் பஸ் கட்டணத்தையும் வீட்டாரிடமே கேட்க நேர்வதுண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது பொறுமைக்கு ஒரு சோதனை. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கோ இது அடைத்த கதவு.

மொழியும் ஒரு கதவாக நின்றதுண்டு. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2020இன் இறுதியில் வெளியாயிற்று. 2023இல் நாடாளுமன்றம் அதனை நிராகரித்தது. தமிழில் முறையிடும் ஏழைக்குத் தமிழறிந்த சட்டத்தரணி வேண்டுமெனில், ஏழை வீட்டுப் பிள்ளையும் இத்தொழிலில் நிலைக்க வழி வேண்டும்.

சட்டம் கற்றவருக்குச் சம்பளப் பதவிகளும் உள. சட்டமா அதிபர் திணைக்களம், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வங்கிகள் ஆகியன சட்டத்தரணிகளை நியமிக்கின்றன. சில ஆண்டுகள் சம்பளத்திற்கு உழைத்துக் கைமுதலும் அனுபவமும் தேடிக்கொண்டு, பின்னர் தனித்து நிற்பதில் இழிவொன்றுமில்லை.

எனினும் மூத்தவரிடம் சேரும் இளையவர், மாதந்தோறும் தமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இன்னும் நீங்கவில்லை. சம்பளம் கொடையன்று, கடன் என்று ஓர் எழுதுவினைஞருக்காகக் கடல் கடந்தும் வாதாடிய தொழில் இது. தன் வாசலில் நிற்கும் இளையவருக்கு அந்த நியாயத்தை வழங்க அத்தொழில் தயங்கலாமா? கேட்கும் இளையவர் கூச வேண்டியதில்லை. கொடுக்கும் மூத்தவர் தொகையை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நன்று.