கண்புரை சிகிச்சையும் நமது தயக்கமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

நமது பள்ளியின் முன் ஸஃப்பில் நிற்கும் முதியவர்கள் சிலர், குர்ஆனை விரித்து, எழுத்துத் தெரியாமல் மூடி வைப்பதைக் கண்டு வருந்துகிறோம். சிகிச்சை செய்துகொள்ளலாமே என்றால் இரண்டு பதில்கள் வருகின்றன: "புரை முற்றட்டும்", "ஸுஜூது செய்ய முடியாதே".

முதல் பதில் ஒரு காலத்தில் சரியே. முற்காலத்தில் புரையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மருத்துவம் செய்த அம்மார் அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் அதனை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். பிற்காலத்தில் விழிலென்ஸையே வெளியே எடுத்து, தடித்த கண்ணாடி தந்தார்கள். பலன் குறைவு, ஆபத்து அதிகம். எனவே முற்றும்வரை காக்கச் சொன்னார்கள்.

1949-இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை போதும், பெரும்பாலும் தையலில்லை, அன்றே வீடு திரும்பலாம். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையின் ஆரோலேப், 1992 முதல் குறைந்த விலையில் லென்ஸ் தயாரித்து வருவதால் ஏழைகளுக்கும் இது எட்டியது. மாறாக, அளவுக்கு மீறி முற்றிய புரை கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி, பார்வையை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும்.

இரண்டாவது பதிலுக்கு வருவோம். படுத்தபடியே சில நாள்கள் தொழ வேண்டியிருக்கும் என்று கூறப்பட்டதால் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கண் சிகிச்சையைத் தவிர்த்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அது அன்னாரின் பேணுதல். எனினும், நம்பகமான மருத்துவர் சொன்னால் படுத்தும் தொழலாம் என்பதையே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் சரியான சொல்லாகக் கூறுகிறார்கள். கண்ணில் இறங்கிய நீர் எடுக்கப்பட்டவருக்கு ஹனஃபி நூல்களும் இச்சலுகையைத் தருகின்றன.

இன்றோ பல நாள் படுத்திருக்க வேண்டியதும் இல்லை. மருத்துவர் குனிய வேண்டாம் என்னும் சில நாள்கள் மட்டும் அமர்ந்து, சைக்கினையால் ஸுஜூது செய்தால் போதும். கண்ணில் நீர் படக்கூடாத நாள்களில் ஒளூச் செய்யும் முறை மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபடும்; அதனை நம்மிடம் கேட்டறியுங்கள். கண்ணில் விடும் சொட்டு மருந்தால் இவ்விரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது.

அன்பர்களே! பள்ளிக்கு வரும் ஆண்களின் பார்வைக் குறைவையாவது நாம் காண்கிறோம். அடுப்படியில் தடவித் தடவி நடக்கும் தாயின் கண்ணை யார் காண்கிறார்? இன்று வீடு சென்றதும் உங்கள் தாய் தந்தையரிடம், எதிர்ச் சுவரின் கடிகாரம் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லையெனில் தாமதிக்காதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரின் கண்களுக்கும் ஒளியையும், உள்ளங்களுக்கு ஹிதாயத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.