வட்டிக்கு ஒரு வேலி

(சொற்பொழிவின் சுருக்கம்)

 

"வட்டி கூடாது என்பது இஸ்லாத்தில்தான், நம் சமயத்தில் அப்படி ஒன்றும் இல்லையே" என்று நம்மவர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது முழு உண்மையன்று. திருக்குர்ஆன் வட்டியை அறவே விலக்குகிறது. யூதர்களின் வேதம் தம்மவரிடம் வட்டி வாங்கக்கூடாது என விதித்து, அந்நியரிடம் வாங்க இடம் கொடுக்கிறது. நம் தர்ம சாத்திரங்களோ வட்டியை அனுமதித்து, அதற்கு வேலியும் போட்டன.

மனுதர்ம சாத்திரம் வசிஷ்டர் வகுத்த அளவை எடுத்துச் சொல்கிறது. மாத வட்டி அசலில் எண்பதில் ஒரு பங்கு. அதாவது ஆண்டுக்கு 15 விழுக்காடு. வருணத்துக்கு ஒரு வட்டி என்றும் அந்நூல் பேசுகிறது. தாழ்த்தப்பட்டவரிடம் அதிகம் வாங்கச் சொல்லும் அதை நாம் ஏற்க முடியாது. ஆனால் ஒரு விதி என்றும் பொருந்தும்: மொத்தமாக வாங்கும் வட்டி அசலைத் தாண்டக்கூடாது. வட்டியையே பிழைப்பாகக் கொண்டவன் தரும் சோறு உண்ணத் தகாதது என்றும் அதே நூல் கூறுகிறது.

கோயில் பணமும் கடனாகப் போனதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். அறக்கொடையாக வந்த காசை ஊர்ச் சபைகள் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12½ விழுக்காடு, 'பொலிசை' செலுத்தின. அந்த வட்டியில் பூசைகள் நடந்தன. கடன் பெற்றது ஊர்ச் சபை. பசியால் வாடிய தனி ஏழை அல்லன். இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

சிங்கப்பூரில் 2015 அக்டோபர் முதல், உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து அசலைத் தாண்டவும் கூடாது. மனு சொன்ன வேலியே மீண்டும் சட்டமாக வந்திருக்கிறது!

ஆனால் உரிமமில்லாத வட்டி முதலைகளுக்கு எந்த வேலியும் இல்லை. ஆடம்பரத் திருமணத்துக்கும் சூதாட்டத்துக்கும் அவர்களிடம் கைநீட்டிய குடும்பங்களின் கதவில் சிவப்புச் சாயம் வழிகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவே அஞ்சுகிறார்கள்.

அன்பர்களே, தர்மம் உண்டியலோடு முடிவதில்லை. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் தவிக்கும் உறவினருக்கு வட்டியில்லாமல் கைம்மாற்றுக் கொடுங்கள். அதுவும் அறக்கொடையே.